இல்ஃபோர்ட் மைதானத்தில் வெறுங்கால்கள்

இலண்டன் மாநகரின் கிழக்கே அமைந்துள்ள இல்ஃபோர்ட், எம்மவர் பலருக்கு நன்கு பழகிய இடம். ஈஸ்ட்ஹாமில் பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே லின் வீதியில் இருந்த உதைபந்தாட்ட மைதானத்தில், 1948ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள், சுதந்திர இந்தியா தனது முதலாவது ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தை ஆடியது. எதிரணி பிரான்சு. சுமார் 17,000 பேர் பார்வையாளராகத் திரண்டிருந்தனர்.

இந்திய வீரர்களிற் பெரும்பாலோர் சப்பாத்து அணியாமலே களமிறங்கினர். சிலர் பாதத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தனர். அணித்தலைவர் தாலிமேரன் ஆவோ, நாகா மலைநாட்டவர். மோகன் பாகன் கழகத்தின் வீரர். கல்கத்தாவில் மருத்துவம் பயின்றவர். அந்த ஒலிம்பிக் அணிவகுப்பில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. ஏன் சப்பாத்து இல்லை என்று வினவிய செய்தியாளரிடம், நாங்கள் ஆடுவது காலால் ஆடும் ஆட்டம், நீங்கள் ஆடுவது சப்பாத்தால் ஆடும் ஆட்டம் என்ற பொருள்பட அவர் விடையிறுத்தார் என்பர்.

இது வெறும் வாய்ச்சாலகம் அன்று. 1911இல் மோகன் பாகன் அணி, ஆங்கிலேயப் படைப்பிரிவான ஈஸ்ட் யோர்க்சயர் அணியை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது, பதினொருவரில் ஒருவர் மட்டுமே சப்பாத்து அணிந்திருந்தார். ஆள்பவனை அவனது ஆட்டத்திலேயே வென்ற கால்கள் அவை. வங்கத்தில் வெறுங்கால் ஆட்டம் வறுமையின் அடையாளமாக மட்டும் கருதப்படவில்லை. அதில் ஒரு பெருமிதமும் இருந்தது. ஊரில் பள்ளிக்கூட வெளிகளில் வெறுங்காலுடன் பந்து உதைத்து வளர்ந்தோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆட்டத்திற்கு வருவோம். முப்பதாவது நிமிடத்தில் பிரான்சின் கூர்பான் முதற் கோலை அடித்தார். இந்தியா தளரவில்லை. எழுபதாவது நிமிடத்தில் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் பந்தை வலைக்குள் சேர்த்தார். சுதந்திர இந்தியாவின் முதலாவது சர்வதேசக் கோல் அது. எங்கள் செவிக்கு மிகவும் பழக்கமான பெயரையுடைய ஒருவர் இலண்டன் மண்ணில் அதனை அடித்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வெல்லும் வாய்ப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அன்று இந்தியாவுக்கு இரண்டு தண்ட உதைகள் கிடைத்தன. சைலேன் மன்னா ஒன்றையும் மகாவீர் பிரசாத் மற்றதையும் தவறவிட்டனர். ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருக்கையில் பெர்சியோன் அடித்த கோலுடன் பிரான்சு 2-1 என வென்றது. அடுத்த சுற்றில் அதே பிரான்சு, கிரேவன் கொட்டேஜ் மைதானத்தில் பிரித்தானியாவிடம் ஒரு கோலால் தோற்று வெளியேறியது.

அதே நாளில் வெம்பிளி அரங்கில் இலங்கையின் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட நிறையாத ஒரு நாட்டுக்கும் ஓராண்டு நிறையும் தறுவாயிலிருந்த மற்றொரு நாட்டுக்கும் இலண்டன் ஒரே மாலையில் வெவ்வேறு தீர்ப்பை வழங்கியது.

பிற்காலத்தில் தண்ட உதைகள் மறக்கப்பட்டன. வெறுங்கால் மட்டும் கதையாக நிலைத்தது. 1950ஆம் ஆண்டு பிறேசிலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்கு, ஏனைய ஆசிய அணிகள் விலகியதால் இந்தியா ஆடாமலே தகுதி பெற்றிருந்தும் செல்லவில்லை. சப்பாத்தின்றி ஆட அனுமதி கிடைக்காததே காரணம் என்று இன்றும் எழுதுகிறார்கள். 1950களில் அணித்தலைவராயிருந்த மன்னாவோ இதனை ஏற்கவில்லை. ஒலிம்பிக் போட்டியையே பெரிதாக எண்ணிய சங்கம் உலகக் கிண்ணத்தின் அருமையை உணரவில்லை என்றே அவர் முதுமையிற் கூறினார். அவர் சொல்வதே நம்பத்தக்கது. சங்கத்தின் அசட்டையை மறைக்க வீரரின் பாதம் நல்ல திரையாயிற்று.

சப்பாத்து விடயத்தில் உண்மையான அடி விழுந்தது 1952இல். எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியா 10-1 என வென்றது. அதன் பின்னரே இந்திய வீரர்கள் சப்பாத்துக்கு மாறினர். நான்கு ஆண்டுகள் கழித்து மெல்பேணில், நெவில் டி சூசா மூன்று கோல்கள் அடிக்க, இந்தியா அவுஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி நான்காம் இடத்தைப் பெற்றது.