599க்குள் ஒளிந்திருக்கும் பவர் சப்ளை

ஹாம் ரேடியோ போட்டிகளில் மோர்ஸ் சங்கேதத்தில் பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் "599" என்று அனுப்பிக்கொள்வார்கள். முதல் 5, சொல்வது புரிகிறது என்பதற்கு. அடுத்த 9, சிக்னலின் பலத்துக்கு. கடைசி 9 எதற்கு? ஒலியின் சுத்தத்துக்கு. இன்றைக்கு யாருக்கும் அதில் 9க்குக் குறைவாகக் கிடைப்பதில்லை. சாஃப்ட்வேரில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இது பழகிய விஷயம்தான். எப்போதோ ஒரு காரணத்துக்காகச் சேர்த்த ஃபீல்டு, காரணம் போன பிறகும் அப்படியே இருக்கும்.

இந்த மதிப்பெண் முறை 1934இல் அமெரிக்காவில் வந்தது. அதில் கீழ்மட்ட எண்கள் எல்லாம் மாறுதிசை மின்சாரத்தின் கரகரப்பைக் குறிப்பவை. 8 என்றால் லேசான சிற்றலை மிச்சமிருக்கிறது, 9 என்றால் சுத்தமான நேர்மின்சாரம். அதாவது, எதிர்முனையில் இருப்பவர் உங்கள் வீட்டு பவர் சப்ளையின் லட்சணத்தைக் காதால் கேட்டே மார்க் போட்டார். ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு!

அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1920களுக்குப் போகவேண்டும். வால்வு வேலை செய்ய இரண்டு விதமான மின்சாரம் வேண்டும். இழையைச் சூடாக்க ஆறு வோல்ட் மாதிரி குறைந்த மின்னழுத்தம். பிளேட்டுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட். ரிசீவருக்கு பேட்டரி போதும். டிரான்ஸ்மிட்டருக்கு பேட்டரி கட்டுப்படியாகாது. வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை டிரான்ஸ்பார்மரில் உயர்த்தி, நேர்மின்சாரமாக மாற்றியாக வேண்டும். கடையில் ரெக்டிஃபையர் வாங்க வசதியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? கண்ணாடி ஜாடிகளை வரிசையாக அடுக்கினார்கள். ஒவ்வொன்றிலும் வெங்காரம் கரைத்த தண்ணீர், ஒரு அலுமினியத் தகடு, ஒரு காரீயத் தகடு. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு படலம் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும். ஒரு ஜாடி சில பத்து வோல்ட்தான் தாங்கும் என்பதால், ஆயிரம் வோல்ட்டுக்கு அலமாரி நிறைய ஜாடி. ஊறுகாய் போட்டு வைத்த மாதிரி இருந்திருக்கும்.

இந்த ஜாடிகளின் எதிரி வெப்பம். தண்ணீர் சூடேறினால் படலம் சரியாகத் தடுக்காது. தடுக்காவிட்டால் இன்னும் சூடேறும். அதற்குப் பின்னால் வந்த பாதரச ஆவி ரெக்டிஃபையர் வால்வுகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருந்தது. நீல ஒளியோடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இழை சூடாகும்வரை பொறுத்து, பிறகுதான் உயர் மின்னழுத்தம் கொடுக்கவேண்டும். பாதரசம் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து வால்வே காலி. வீட்டில் ரேடியோவுக்குக் கரண்ட் கொடுப்பதும் அதைக் குளிர வைப்பதும் தனித்தனி வேலைகளாக எப்போதுமே இருந்ததில்லை என்பதுதான் என் வாதம்.

கணக்கைப் பாருங்க. அமெரிக்க ஹாம்களுக்கு நெடுங்காலம் இருந்த உச்சவரம்பு கடைசி வால்வுக்குள் போகும் 1000 வாட். நன்றாக வேலை செய்யும் டிரான்ஸ்மிட்டரே அதில் 60, 70 சதவீதம்தான் ஆன்டெனாவுக்கு அனுப்பும். மீதி 300, 400 வாட் வால்வின் பிளேட்டிலேயே வெப்பமாகத் தங்கும். உள்ளங்கை அளவுக் கண்ணாடிக் குடுவைக்குள், வெற்றிடத்தில். வெற்றிடத்தில் காற்று கிடையாது. வெப்பம் வெளியேற முக்கியமான வழி கதிர்வீச்சுதான்.

இதைத் தங்கள் வாழ்க்கையாக்கிக்கொண்டவர்கள் பில் ஐட்டெல், ஜாக் மெக்கல்லோ என்ற இரண்டு கலிபோர்னிய ஹாம்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஹைன்ட்ஸ் அண்ட் காஃப்மன் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். ஆர்.சி.ஏ. தன் போட்டியாளர்களுக்குப் பெரிய வால்வுகளை விற்க மறுத்ததால், அந்த நிறுவனம் தானே செய்துகொள்ள வேண்டிய நிலை. அங்கே கற்ற வித்தையோடு இருவரும் 1934இல் வெளியே வந்து சான் புரூனோவில் ஐமாக் என்ற பெயரில் கடை விரித்தார்கள். முதல் வாடிக்கையாளர்கள் சக ஹாம்கள்.

அவர்கள் வால்வுகளின் பிளேட் டான்டலம் உலோகம். செக்கச்செவேல் என்று பழுத்தாலும் ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் சூடான டான்டலம் உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சி வெற்றிடத்தைக் காப்பாற்றும். மற்ற வால்வுகளில் பிளேட் சிவந்தால் ஆபத்து; இதில் அதுதான் இயல்பான நிலை. இதன் பின்னால் இருப்பது எளிய இயற்பியல்: கதிர்வீச்சு, கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். 800 டிகிரி செல்சியஸில் இருக்கும் பரப்பு, 100 டிகிரியில் இருக்கும் அதே மாதிரிப் பரப்பைவிட ஏறத்தாழ 70 மடங்கு வெப்பத்தை வீசும். சூடாவதன் மூலமே குளிர்ந்துகொண்ட பொருள் அது. பின்னாளில் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று பேர் வாங்கிய பகுதியின் ஆரம்பத் தொழிற்சாலைகளில் இது ஒன்று என்பதையும் சொல்லவேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இத்தனை வாட்டுக்கு பிளேட்டில் ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அது படுக்கையறைக்குப் பக்கத்து அறையில், மரச் சட்டத்தில், திறந்தபடி. ராஸ் ஹல் என்ற ஆஸ்திரேலியர் கியூ.எஸ்.டி. இதழின் ஆசிரியர் குழுவில் இருந்தவர். மிக உயர் அதிர்வெண் அலைகள் வளிமண்டலத்தின் கீழடுக்குகளில் வளைந்து அடிவானத்தைத் தாண்டுவதை வருஷக்கணக்கில் பதிவு செய்து காட்டியவர். 1938இல் தன் வீட்டில் தொலைக்காட்சிச் சோதனையில் இருந்தபோது உயர் மின்னழுத்தம் தாக்கி இறந்தார். விஷயம் தெரியாத கத்துக்குட்டி இல்லை அவர். துறையின் முன்வரிசை ஆள். இந்தப் பொழுதுபோக்கு யாரையெல்லாம் கொல்லக்கூடும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்னேற்றம் நிற்கும். 3000 வோல்ட்டில் 25 மைக்ரோஃபாரட் என்றால் 112 ஜூல். இதயத்தை நிறுத்த அது தாராளம்.

பிறகு பிளேட்டையே குடுவைக்கு வெளியே கொண்டுவந்து, அதைச் சுற்றித் துடுப்புகள் வைத்து, புளோயரால் காற்றடிக்கும் வால்வுகள் வந்தன. வால்வு சின்னதானது, இரைச்சல் பெரிதானது. புளோயர் நின்றால் வால்வு பிழைக்காது.

டிரான்சிஸ்டர் வந்து வோல்டேஜைக் கீழே இறக்கியது. இன்றைய ஹாம் செட்டுகள் 13.8 வோல்ட் கேட்கும். ஏன் இந்த விசித்திர எண்? கார் பேட்டரியில் ஆறு செல். சார்ஜ் ஆகும்போது செல்லுக்கு 2.3 வோல்ட். மேஜையை விட்டு நகராத செட்டும் காருக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. இதுவும் ஒரு பழைய ஃபீல்டு.

ஆனால் வெப்பம் போகவில்லை. 100 வாட் செட் அனுப்பும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும், அதாவது கிட்டத்தட்ட 280 வாட். மிச்சம் 180 வாட் வெப்பம். சிலிக்கானால் டான்டலம் மாதிரி பழுக்க முடியாது. 200 டிகிரியிலேயே அதன் கதை முடிந்துவிடும். கதிர்வீச்சு கைகொடுக்காததால்தான் இத்தனை ஹீட் சிங்கும் ஃபேனும். பேச்சில் இடைவெளி உண்டு, செட் மூச்சு வாங்கும். 2017இல் வந்த எஃப்.டி.8 முறையில் ஒவ்வொரு முறையும் 12.64 விநாடி முழு பலத்தில் இடைவிடாமல் அனுப்பவேண்டும். அதனால் அனுபவசாலிகள் பவரைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள்.

நூறு வருஷத்தில் ஜாடி, பாதரசம், டான்டலம், சிலிக்கான் என்று எல்லாம் மாறிவிட்டது. வீட்டுக்குள் இருந்த மரண பயம் பெருமளவு போயிற்று. அதுதான் இந்த வரலாற்றின் உண்மையான சாதனை என்று நினைக்கிறேன். ஆன்டெனாவுக்குப் போகாத ஒவ்வொரு வாட்டும் அறையைச் சூடாக்கும் என்ற விதி மட்டும் அசையவில்லை. வாசிப்பவர்களில் யாராவது பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தூசி தட்டி எடுப்பதாக இருந்தால், மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரின் மின்னேற்றம் முழுக்க இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பாருங்க. ராஸ் ஹல் நம்மைவிட விஷயம் தெரிந்தவர்.