கொடுக்கப் போனவரும் பந்தியில் அமர்ந்தவரும்: அயல்நாட்டு மிஷன் பயணத்தில் ஆன்ம வளர்ச்சி எங்கிருந்து வருகிறது?

குறுகியகால மிஷன் பயணம் முடித்துத் திரும்பும் அமெரிக்க இளைஞர்கள், தங்கள் சபையின் முன் நின்று சாட்சி சொல்லும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடிக்கிறார்கள். கொடுக்கப் போனோம், கொடுத்ததைவிட அதிகமாகப் பெற்று வந்தோம் என்கிறார்கள். சபை இதைத் தாழ்மையின் பேச்சாக எடுத்துக்கொண்டு ஆமென் சொல்கிறது. ஆய்வாளர் அதோடு விட்டுவிட முடியாது. பெற்றது என்ன, அதைக் கொடுத்தவர் யார், ஊர் திரும்பிய பின் அது எத்தனை காலம் நிலைத்தது என்று கேட்டாக வேண்டும். இப்பயணங்கள் ஒருவரை வளர்க்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வளர்ச்சி பயணி பட்ட பாட்டிலிருந்தோ கட்டிய சுவரிலிருந்தோ வருவதில்லை; தன்னை வரவேற்றவரின் தயவில் அவர் எந்த அளவுக்கு நிற்க நேர்ந்ததோ அந்த அளவுக்கே வருகிறது என்பது என் வாதம். இன்றைய பயணங்களில் பல, அப்படி நிற்க வேண்டிய தேவையே எழாதபடி ஏற்பாடு செய்யப்படுகின்றன. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இது சிறிய நிகழ்வல்ல. ஜார்ஜ் வெர்வர் என்ற கல்லூரி மாணவர் 1957-இல் நண்பர் இருவரோடு மெக்சிகோ சென்றதும், லோரன் கன்னிங்ஹாம் 1960-இல் இளைஞர்களைக் குறுகியகால ஊழியத்துக்கு அனுப்பும் அமைப்பொன்றைத் தொடங்கியதும் இதன் ஆரம்பகாலச் செய்திகள். அரை நூற்றாண்டுக்குள், அமெரிக்கச் சபைகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு செல்வதாகச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ மதிப்பிட்டார்.

மானிடவியலாளர் பிரையன் ஹாவெல் டொமினிக்கன் குடியரசுக்குச் சென்ற ஒரு சபைக் குழுவோடு தானும் சென்று ஆராய்ந்து, 2012-இல் நூலாக எழுதினார். அவர் எடுத்துக்காட்டும் உண்மை கவனிக்கத் தக்கது. பயணி திரும்பி வந்து சொல்லும் கதையின் வடிவம் அவர் புறப்படும் முன்பே பெருமளவு உருவாகிவிடுகிறது. காணிக்கை கேட்டு எழுதும் கடிதம், ஆயத்தக் கூட்டம், முந்தைய ஆண்டு போனவர்களின் சாட்சி ஆகிய எல்லாமாகச் சேர்ந்து, அங்கே எதைக் காண வேண்டும், எதற்குக் கண் கலங்க வேண்டும் என்பதைக் கற்றுத் தந்துவிடுகின்றன. ஏழ்மையிலும் மகிழ்ச்சியாக இருக்கும் மக்களைக் காணப் போகிறவர் அவர்களையே காண்கிறார். அந்த ஏழ்மை எப்படி வந்தது, அதில் தன் நாட்டுக்கும் பங்கு உண்டா என்ற கேள்விகளுக்கு அந்தக் கதையில் இடமில்லை. அந்த இளைஞர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருளல்ல. அவர்களுடைய கண்ணீர் மெய்யானது. ஆனால் எதிர்பார்த்ததையே காண்பவர் உணர்ச்சிவசப்படலாம், வளர்ந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. எதிர்பாராத ஒன்று குறுக்கே வந்து நின்றால்தான் ஒருவரின் உள்ளம் இடம் பெயரும்.

1998-இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸை அழித்தபின் அங்கே வீடு கட்டச் சென்ற வட அமெரிக்கக் குழுக்களைச் சமூகவியலாளர் கர்ட் வெர் பேக் ஆராய்ந்தார். 2006-இல் வெளியான அவருடைய ஆய்வு இத்துறையில் பலரைத் திடுக்கிட வைத்தது. போனவர்கள் தங்கள் வாழ்வில் மாற்றம் வந்ததாகச் சொன்னார்கள். காணிக்கை கொடுப்பதிலும் அது தெரிகிறதா என்று பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது, வாய் சொன்ன அளவுக்குக் கணக்கு சொல்லவில்லை. வீடு பெற்ற குடும்பங்களையும் அவர் விசாரித்தார். அமெரிக்கர் வந்து கட்டிய வீட்டில் இருப்போருக்கும், ஹோண்டுராஸ் கிறிஸ்தவ அமைப்புகளே கட்டித் தந்த வீட்டில் இருப்போருக்கும் இடையில் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆயத்தமும், திரும்பிய பின் கணக்குக் கேட்டுத் தாங்கிப் பிடிக்கும் உறவுகளும் இல்லாவிட்டால் மாற்றம் நிலைக்காது என்பது அவர் வந்தடைந்த முடிவு.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னரே இவான் இல்லிச் இன்னும் கடுமையாகப் பேசியிருந்தார். 1968 ஏப்ரலில் அமெரிக்க மாணவத் தொண்டர்களின் மாநாட்டில் பேசிய அந்தக் கத்தோலிக்கக் குருவானவர், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் அவர்களை எச்சரித்தார். நல்லெண்ணம் இருக்கிறது என்பதற்காக ஓர் அத்துமீறல் அத்துமீறல் இல்லாமல் போய்விடாது என்று அவர் காட்டியது சரி. ஆனால் வராதே என்பதோடு நின்றுவிட்டால், வந்தவர் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி விடையில்லாமல் போகிறது. அந்தக் கேள்வியை வேதாகமமே விரிவாகப் பேசியிருக்கிறது.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் அனுப்பப்படும் முறையைப் பாருங்கள். பணப்பையோ சாமான் பையோ பாதரட்சையோ கூடாது. ஒரு வீட்டில் தங்கி, அவர்கள் படைப்பதை உண்ண வேண்டும். அனுப்பப்பட்டவர் வீட்டுக்காரரின் சோற்றில் வாழ வேண்டும் என்பது அந்த ஊழியத்தின் அடித்தளமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 10-இல் யோப்பாவிலிருந்து செசரியா போகும் பேதுருவுக்கு நடப்பதும் இதுவே. புறஜாதியாரான கொர்நேலியுவுக்குப் போதிக்கப் போனவர், தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்பதைத் தானே அங்கு கற்றுக்கொள்கிறார். எருசலேமில் அவர் மேல் வந்த குற்றச்சாட்டோ, போதித்தார் என்பதல்ல. விருத்தசேதனமில்லாதவர் வீட்டில் நுழைந்து சாப்பிட்டார் என்பது.

இதன் பிற்பகுதி பிரசங்கங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. கலாத்தியர் 2-இல் இதே பேதுரு, அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகிவிடுகிறார். செசரியாவில் கற்றதைச் சொந்தச் சபையாரின் பார்வை அழித்துவிட்டது. வெர் பேக் எண்களில் கண்டதைப் பவுல் தன் நிருபத்தில் ஆளைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். பயணி தனியாக வளர முடியாது. அனுப்பிய சபையும் கூடவே வளர்ந்தாக வேண்டும்.

வரவேற்றவரின் தயவில் நிற்பது, அனுப்பிய சபையும் வளர்வது ஆகிய இந்த இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறிய பயணம் ஒன்று நம் கடலிலேயே நடந்தது. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சென்றுவந்தவர். 1902-இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அமெரிக்க மிஷன் 1816 முதல் வேரூன்றிய அந்தக் குடாநாட்டில், தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, தங்கள் ஆட்களையே கடல் கடந்து இந்தியாவுக்கு ஊழியர்களாக அனுப்பிக்கொண்டிருந்ததை அவர் கண்டார்.

இந்தக் காட்சி ஏன் அவரை உலுக்கியது என்பதில் சற்று நிற்க வேண்டும். திருநெல்வேலிச் சபை அப்போது நூறாண்டுக்கு மேல் பழையது. பெரிய சபை, படித்த சபை. ஆனால் லண்டன் சங்கங்களிடம் பெற்றுப் பழகிய சபை. மிஷனெரி என்றால் வெள்ளைக்காரர் என்றே அது எண்ணியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் அதே தமிழ்தான், அதே தமிழ் வேதாகமம்தான், வசதியும் வானளவு வேறுபட்டதல்ல. அதனால் அவர்களால் முடியும், நம்மால் முடியாது என்று தப்பித்துக்கொள்ள அசரியாவுக்கு வழியே இல்லை. தான் உதவ வேண்டிய ஏழைகளாக யாழ்ப்பாணத்தாரை அவர் பார்த்திருக்கவும் முடியாது. அவர்கள் அவருக்கு மூத்தவர்களாக, முன்னே நடந்தவர்களாக நின்றார்கள். ஹோண்டுராஸில் இறங்கும் குழுவுக்குக் கிடைக்காதது இதுதான். தன் தண்ணீர், தன் மொழிபெயர்ப்பாளர், தன் நிகழ்ச்சி நிரல் என்று எல்லாவற்றையும் கொண்டுபோகும் பயணிக்கு, அங்குள்ளவர் தன்னைவிட மேலானவர் என்று அறியும் வாய்ப்பு எப்படி வரும்?

அசரியா திரும்பி வந்து தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்வதோடு நிறுத்தவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அதன் ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவை. தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் அதன் களமாயிற்று. 1909-இல் குருப்பட்டம் பெற்று அவரே அங்கே மிஷனெரியாகச் சென்றார். ஒரு பயணத்தின் பயனை அளக்க இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அசரியா அபூர்வமானவர், பதினாறு வயதுப் பிள்ளைகளை அவரோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லோரும் சங்கம் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு நேர்ந்ததன் அமைப்பைத்தான் எடுத்துக்காட்டுகிறேன்: தாழ்ந்து நின்று காணும்படியான ஓர் ஊர், கண்டதைக் கேட்டுத் தானும் மாறத் துணிந்த ஒரு சபை. இந்த இரண்டையும் ஏற்படுத்தித் தருவது பெரியவர்களின் பொறுப்பு. பிள்ளைகளின் பக்தி குறைவு என்று பழி போடுவதில் பயனில்லை.

எடின்பரோவில் 1910-இல் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அதே அசரியா மறுபக்கத்திலிருந்து பேசினார். ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகளில் ஆசியச் சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அங்கே நின்று அவர், மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை நன்றியோடு ஒப்புக்கொண்டபின், அவர்கள் தங்கள் இந்திய உடன் ஊழியர்களோடு நட்புக் கொள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உடலைக் கொடுத்தவர்கள் நட்பைக் கொடுக்கத் தயங்கியதே அவர் கண்ட குறை. சபையில் சலசலப்பு எழுந்தது, சிலர் கோபப்பட்டனர். நம் விவாதத்துக்கு அந்தக் கோபம் முக்கியமானது. ஆண்டுக்கணக்காக இந்தியாவில் வாழ்ந்து, நோய் தாங்கி, பிள்ளைகளைப் புதைத்தவர்கள் பலர் அந்த மிஷனெரிகளிடையே இருந்தார்கள். அத்தனை தியாகமும் நண்பனாகும் அளவுக்கு அவர்களை வளர்க்கவில்லை என்றால், தியாகத்தின் அளவையும் காலத்தின் நீளத்தையும் வைத்து ஆன்ம வளர்ச்சியை அளப்பது எப்படிப் பொருந்தும்? இரண்டு வாரம் போதாது, இரண்டு ஆண்டு வேண்டும் என்று இன்று சொல்லப்படும் திருத்தமும் இதனாலேயே பாதித் திருத்தமாக நின்றுவிடுகிறது.

ஆகவே ஆய்வின் திசையையும் மாற்ற வேண்டும். இத்துறையில் வெளிவரும் ஆய்வுகளில் மிகப்பல, திரும்பி வந்த பயணியிடமே வினாத்தாளை நீட்டி, நீ மாறினாயா என்று அவரையே கேட்கின்றன. வெர் பேக் வீட்டுக்காரரையும் கேட்டதால்தான் அவருடைய ஆய்வு வேறொன்றைக் காண முடிந்தது. இனி கேட்க வேண்டியவை வேறு. வந்தவர் எதையாவது உங்களிடம் கேட்டுக் கற்றாரா? உங்கள் வீட்டில் உண்டாரா? உங்கள் போதகர் அவருடைய சபையில் பிரசங்கிக்க அழைக்கப்பட்டாரா? போன பின் கடிதம் வந்ததா, வந்தால் அதில் உங்கள் பெயர் சரியாக இருந்ததா? தமிழ்நாட்டுச் சபைகளும் இப்போது வட இந்தியாவுக்கு இளைஞர் குழுக்களை அனுப்புகின்றன. அங்குள்ள விசுவாசிகளிடம் இக்கேள்விகளைக் கேட்டு, அவர்கள் சொல்வதை அனுப்பிய சபையின் நடுவே வாசிக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.