கருங்கட்டங்கள் சொல்லும் கதை: எழுத்துத் திரையின் வரலாறும் அதன் கோளாறுகளும்



புத்தாக்கப் போட்டிக்கு முந்திய நாள். ஆர்டுயினோ பலகையில் 16×2 எழுத்துத் திரையை இணைத்தாச்சு, நிரலையும் ஏற்றியாச்சு. திரையிலோ முதல் வரி முழுக்கக் கருங்கட்டங்கள்! "டீச்சர், ஸ்கிரீன் கெட்டுப்போச்சு" என்று மாணவர் ஓடி வருவார். அவசரப்பட்டுத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் திரை நன்றாகத்தான் இருக்கும். அது காட்டும் ஒவ்வொரு கோளாற்றுக்கும் பின்னால் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அதை அறிந்தால் பழுதையும் எளிதில் கண்டுபிடிக்கலாம்.

1. திரையில் ஒன்றுமே தெரியவில்லை

1888-இல் பிராக் நகரில் பணியாற்றிய ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர் ஒரு விந்தையைக் கண்டார். அவர் ஆராய்ந்த பொருள் 145.5 பாகை செல்சியஸில் உருகிக் கலங்கலான நீர்மமானது, 178.5 பாகையில்தான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? ஜெர்மனிய இயற்பியலாளர் ஓட்டோ லேமன் அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நீர்மம்போல் ஓடினாலும் அது படிகத்தின் பண்பைக் காட்டியது. திரவப் படிகம் இப்படித்தான் அறியப்பட்டது.

அது திரையாக மாற எண்பது ஆண்டுகள் பிடித்தன. 1968-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் திரவப் படிகத் திரையை அறிமுகப்படுத்தினர். 1970-இல் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் இருவரும் மூலக்கூறுகளை 90 பாகை முறுக்கி நிறுத்தும் முறையைக் கண்டுபிடித்தனர். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழும். அந்த இடம் கருமையாகும்.

உங்கள் திரை வேலை செய்வதும் இந்தக் கொள்கையில்தான். எவ்வளவு முறுக்கு அவிழ வேண்டும் என்பதை மூன்றாம் காலில் உள்ள மின்னழுத்தம் தீர்மானிக்கிறது. அந்தக் கால் எதிலும் இணைக்கப்படாமல் இருந்தால், சரியான எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முதலில் 10 கிலோ ஓம் மாறுமின்தடையைத் திருகிப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும்.

2. முதல் வரியில் கருங்கட்டங்கள்

1980-களில் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் எச்டி44780 என்ற கட்டுப்பாட்டுச் சில்லை வெளியிட்டது. இன்று நாம் வாங்கும் எழுத்துத் திரைகளில் பெரும்பாலானவை அதன் கட்டளைகளையே பின்பற்றுகின்றன. மின்சாரம் கிடைத்தவுடன் இச்சில்லு தன்னை ஒரே வரி கொண்ட திரையாகவே கருதும். "உனக்கு இரண்டு வரி" என்ற தொடக்கக் கட்டளை போய்ச் சேராதவரை கருங்கட்டங்கள் அப்படியே நிற்கும். இதிலிருந்து என்ன தெரிகிறது? மின்சாரம் வருகிறது, கட்டளைதான் வரவில்லை. நான்காம், ஆறாம் கால்களையும், 11 முதல் 14 வரையுள்ள தரவுக் கால்களையும் நிரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தாம் கால் தரை இணைப்பில் உள்ளதா என்றும் கவனியுங்கள்.

3. புரியாத குறிகள் வருகின்றன

அக்காலத்தில 4 பிட் செயலிகளும் இருந்தன, 8 பிட் செயலிகளும் இருந்தன. இரண்டோடும் பேசும்படி இச்சில்லை வடிவமைத்தனர். 4 பிட் முறையில் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு பாதியாகப் போகும். கம்பி தளர்ந்து ஒரு பாதி தவறினால் போச்சு; அடுத்த எழுத்தின் முற்பாதி இதன் பிற்பாதியாகிவிடும், எல்லாம் குழம்பும். சில்லு எந்த நிலையில் சிக்கியிருந்தாலும் மீட்பதற்காகத்தான் தொடக்கத்தில் ஒரே கட்டளையை மூன்று முறை, இடைவெளி விட்டு அனுப்புகிறோம். மூன்று முறை எதற்கு என்று மாணவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

4. தமிழ் எழுதினால் ஜப்பானியம் வருகிறது

இது நம் மாணவர்களுக்கே உரிய சிக்கல். நிரலில் "வணக்கம்" என்று தட்டச்சு செய்தால், திரையில் கிரேக்க ஆல்பாவும் ஜப்பானியக் கத்தகானா எழுத்துகளும் தோன்றும். ஏன்?

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஜப்பானியப் பதிப்புச் சில்லின் நிலை நினைவகத்தில் ஆங்கில எழுத்துகளும் கத்தகானாவும் பதிக்கப்பட்டுள்ளன. தமிழுக்கு இடமில்லை. யூனிகோடில் தமிழ் 1991-இல்தான் சேர்ந்தது. 1992-இல் உருவான யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் தேவை. "வ" என்பது 224, 174, 181 என்று போகும். சில்லு இவற்றை மூன்று தனி எழுத்துகளாகப் படித்து, ஆல்பா, சிறிய "யொ", "ஒ" என்று காட்டுகிறது. "வணக்கம்" முழுவதும் 21 பைட். 16 கட்டங்களில் அது அடங்கவும் அடங்காது.

ஆனால் வழி இருக்கிறது. நாமே வரைந்த எழுத்துகளை வைக்க எட்டு இடங்களை அச்சில்லு ஒதுக்கியுள்ளது. ஒவ்வொன்றும் 5×8 புள்ளிகள். வ, க், க, ம் நான்கும் ஆளுக்கொரு கட்டத்தில் அடங்கும். அகன்ற "ண"வுக்கு இரண்டு கட்டம் கொடுத்தால், ஆறு இடங்களில் "வணக்கம்" தயார்.

வகுப்பறைப் பயிற்சி

கட்டத்தாளில் மாணவர்கள் "வணக்கம்" என்ற சொல்லைப் புள்ளிகளால் வரையட்டும். பிறகு, மீதமுள்ள இரண்டு இடங்களில் "நன்றி" அடங்குமா என்று கேளுங்கள். அடங்காவிட்டால் திரையை அழித்துவிட்டு அந்த எட்டு இடங்களிலும் புதிய வடிவங்களை எழுதலாம். அதற்கு நிரலில் என்ன மாற்றம் வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களே, ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே, "இதனால் இன்று என் மேசையில் என்ன நடக்கிறது?" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். காரணம், விளைவு கேட்கும் வினாக்களுக்கு அந்த வரிதான் கைகொடுக்கும்.