கிரிப்டோ முன்கணிப்புச் சந்தைகளும் நாட்டெல்லைத் தடைகளும்

முன்கணிப்புச் சந்தை என்பது, எதிர்காலத்தில் நடக்கவிருக்கும் ஒரு நிகழ்வின் முடிவைச் சார்ந்த ஒப்பந்தங்களை வாங்கி விற்கும் சந்தை ஆகும். ஒரு வேட்பாளர் தேர்தலில் வெல்வாரா என்ற கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என இருவகைப் பங்குகள் இருக்கும். முடிவு தெரிந்தபின் சரியான பங்கிற்கு ஒரு டாலர் கிடைக்கும், மற்றது மதிப்பிழக்கும். ‘ஆம்’ பங்கு 60 சென்டுக்கு விற்கப்பட்டால், அந்நிகழ்வுக்கு ஏறத்தாழ 60 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகச் சந்தை கருதுகிறது என்று பொருள்.

இச்சந்தையைச் சட்டம் இரு கண்ணோட்டங்களில் அணுகுகிறது. அமெரிக்க நடுவண் அரசு இதை முன்பேர வர்த்தகத்தின் ஒரு வகையாகக் கொள்கிறது. பிரான்சு, சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர் ஆகியவை இதைச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் வைக்கின்றன. எனவே ஒரே இணையதளம் ஓர் ஊரில் இருப்பவருக்குத் திறந்தும், எல்லை கடந்தால் மூடியும் இருக்கிறது.

முன்னோடிகள்

அயோவா பல்கலைக்கழகம் 1988 இல் அமெரிக்க அதிபர் தேர்தலையொட்டி ஒரு மின்னணுச் சந்தையைத் தொடங்கியது. கல்வி ஆய்வுக்கானது என்பதாலும், ஒருவர் 500 டாலர் வரை மட்டுமே இடமுடியும் என்பதாலும், பண்ட முன்பேர வர்த்தக ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுப்பதில்லை என்று கடிதம் வழங்கியது.

அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து இயங்கிய இன்டிரேட் நிறுவனத்திற்கு அத்தகைய கடிதம் இல்லை. 2012 நவம்பரில் ஆணையம் அதன்மீது வழக்குத் தொடுத்தது. உடனே அமெரிக்க வாடிக்கையாளர்களின் கணக்குகளை மூடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. பெரும்பகுதி வாடிக்கையாளர்களை இழந்த அச்சந்தை 2013 மார்ச்சில் வணிகத்தை நிறுத்தியது. நிறுவனம் அயல்நாட்டில் இருந்தாலும், வாடிக்கையாளர் வசிக்கும் நாட்டின் சட்டம் அதைத் தொடும் என்பதை இவ்வழக்கு காட்டியது.

கிரிப்டோவின் வருகை

வங்கியும் அட்டை நிறுவனமும் இடையில் இருந்தவரை, அவற்றின் வழியாக அரசு ஒரு தளத்தை எளிதில் முடக்க முடிந்தது. எத்தீரியம் பிளாக்செயினில் 2018 சூலையில் வெளிவந்த ஆகர் இந்த இடைத்தரகர்களை நீக்க முயன்றது. சந்தையை உருவாக்குவது, பணத்தைப் பிடித்துவைப்பது, வென்றவருக்கு வழங்குவது ஆகிய அனைத்தையும் கணினி நிரல்களே செய்தன. யார், எந்த நாட்டில் இருந்து வருகிறார் என்று அந்நிரல்கள் கேட்பதில்லை. தொடங்கிய சில நாள்களிலேயே புகழ்பெற்ற மனிதர்கள் கொல்லப்படுவார்களா என்ற சந்தைகளும் அங்கே முளைத்தன. கட்டுப்பாடு இல்லாமையின் இன்னொரு முகம் இது.

2020 இல் நியூயார்க்கில் சேன் கோப்லன் தொடங்கிய பாலிமார்க்கெட் இம்முறையை எளிமையாக்கியது. பாலிகன் பிளாக்செயினில், டாலரோடு இணைக்கப்பட்ட யூஎஸ்டிசி நாணயத்தில் அது இயங்கியது. நாணயத்தின் விலை ஏறி இறங்கும் தொல்லை இல்லாததால் புதியவர்களும் அதில் சேர்ந்தனர்.

2022 ஆம் ஆண்டு ஆணை

2022 சனவரி 3 அன்று பண்ட முன்பேர வர்த்தக ஆணையம் பாலிமார்க்கெட் மீது ஓர் ஆணையை வெளியிட்டது. 2020 சூன் முதல் 900-க்கும் மேற்பட்ட நிகழ்வுச் சந்தைகளைப் பதிவு இல்லாமல் நடத்தியதாக அதில் கூறப்பட்டது. நிறுவனம் 14 இலட்சம் டாலர் தண்டத்தொகை செலுத்தவும், சட்டத்திற்குப் பொருந்தாத சந்தைகளை மூடவும் ஒப்புக்கொண்டது. பிளாக்செயினில் நடப்பதால் ஒரு வணிகம் சட்டத்திற்கு வெளியே போய்விடாது என்பதே ஆணையத்தின் நிலைப்பாடு. நிரல் பரவலாக்கப்பட்டிருந்தாலும், அதை நடத்தி மக்களுக்கு வழங்கும் நிறுவனத்திற்குப் பெயரும் முகவரியும் இருந்தன.

இதன்பின் அமெரிக்க ஐபி முகவரிகளில் இருந்து வருவோர் வணிகம் செய்யமுடியாதபடி தளம் புவித்தடை விதித்தது. விலைகளைப் பார்க்கலாம், வாங்க முடியாது. ஆனால் விபிஎன் மூலம் இருப்பிடத்தை மறைப்பவர்களை இத்தடையால் முழுமையாக நிறுத்த முடியவில்லை. அப்படி நுழைபவர் தளத்தின் விதிகளை மீறுகிறார். சிக்கல் வந்தால் தன் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. தடையைத் தாண்டும் வழி இருப்பது, தாண்டுவதைச் சட்டப்படியானதாக ஆக்குவதில்லை.

2024 தேர்தலும் பிற நாடுகளும்

2024 அமெரிக்க அதிபர் தேர்தல் தொடர்பாகப் பாலிமார்க்கெட்டில் 300 கோடி டாலருக்கு மேல் வணிகம் நடந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் அதன் விலைகளை நாள்தோறும் மேற்கோள் காட்டின. அவர்களுடைய தேர்தலைப் பற்றிய மிகப்பெரிய சந்தையில் அமெரிக்கர்களுக்கே சட்டப்படி இடம் இல்லை என்பது அக்காலத்தின் முரண். தேர்தல் முடிந்த மறுவாரம், நவம்பர் 13 அன்று, எஃப்பிஐ அதிகாரிகள் கோப்லனின் நியூயார்க் இல்லத்தில் சோதனை நடத்தினர்.

அதே மாதத்தில் பிரான்சின் தேசியச் சூதாட்ட ஆணையம் தளத்தை ஆராயத் தொடங்கியதை அடுத்து, பிரான்சில் இருப்போர் வணிகம் செய்வது தடுக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் சூதாட்டக் கண்காணிப்பு அமைப்பும் தளத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரும் அதை முடக்கியது.

இந்நாடுகளின் சட்டங்கள் பொறுப்பை யார்மீது சுமத்துகின்றன என்பதில் வேறுபடுகின்றன. 2022 அமெரிக்க ஆணை தளத்தை நடத்திய நிறுவனத்தின்மீது மட்டுமே பாய்ந்தது. சிங்கப்பூரின் 2022 ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டமோ, உரிமம் இல்லாத தளத்தில் பணம் வைத்து ஆடுபவருக்கே 10,000 சிங்கப்பூர் டாலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமளிக்கிறது. இந்தியாவில் 2025 ஆகத்தில் நிறைவேறிய இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவில் வழங்கப்படும் சேவைகளுக்கும் அது பொருந்தும். நடத்துவோர், விளம்பரம் செய்வோர், பணப்பரிமாற்றத்திற்கு உதவுவோர் ஆகியோருக்கே அதில் தண்டனை உண்டு, ஆடுபவருக்கு இல்லை.

திறந்த கதவு

இதற்கிடையே கால்சி என்ற நிறுவனம் வேறு பாதையில் சென்றது. 2020 இல் ஆணையத்தின் உரிமம் பெற்ற அது, தேர்தல் ஒப்பந்தங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது வழக்காடியது. 2024 செப்டம்பரில் வாசிங்டன் மாவட்ட நீதிமன்றம் கால்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க மறுத்தது.

2025 சூலையில் பாலிமார்க்கெட் மீதான நடுவண் விசாரணைகள் குற்றச்சாட்டு எதுவுமின்றி முடிந்தன. அதே மாதம் உரிமம் பெற்ற கியூசெக்ஸ் என்ற சந்தையை அந்நிறுவனம் 11.2 கோடி டாலருக்கு வாங்கியது. நவம்பரில் ஆணையத்தின் ஒப்புதலும் கிடைத்தது. புவித்தடையால் வெளியே நிறுத்தப்பட்ட அமெரிக்கர்களுக்கு, அடையாளச் சரிபார்ப்புடன் கூடிய சட்டப்படியான வழி இவ்வாறு திறந்தது. எனினும் இவை சூதாட்டமே என்று வாதிடும் நெவாடா, மாசச்சூசெட்சு போன்ற மாநிலங்கள் நடுவண் உரிமம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று கால்சிக்கு எதிராகப் போராடி வருகின்றன.

எல்லை பாராத நிரலோடு தொடங்கிய கிரிப்டோ சந்தை, வாடிக்கையாளர் யார், எங்கே வசிக்கிறார் என்று கேட்கும் உரிமம் பெற்ற சந்தையாக மாறிய பின்னரே தன் சொந்த நாட்டு மக்களிடம் திரும்பி வந்தது.