ஆறாத புண்ணும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும்

"பயாப்ஸி எடுக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டால் நம் பக்கத்தில் வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிடுகிறது. ரிசல்ட் வருவதற்கு முன்பே மகளுக்கும் மருமகனுக்கும் போன் போய்விடும். அந்தச் சொல்லின் கதையை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தாலுகா ஆபீஸ் உத்தியோகத்தில் அந்தப் படிப்பு எனக்கு ஒரு நாளும் உதவியதில்லை. தோல் புற்றுநோயின் பழங்கதையைப் படிக்கும்போதுதான் கொஞ்சம் உதவியது.

சொல்லை முதலில் வழங்கியவர் எர்னெஸ்ட் பெனியே. பாரிஸ் நகரில் சேன்-லூயி மருத்துவமனையில் தோல் மருத்துவர். ஆண்டு 1879. அவர் சொன்னது 'பியோப்ஸி'. இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தது: ஒன்று உயிர், மற்றது பார்வை. அதுவரை உடலை அறுத்துப் பார்ப்பது பெரும்பாலும் ஆள் இறந்த பிறகுதான். இருக்கும்போதே ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்து, ஆளைக் காப்பாற்ற வழி தேடுவது என்பதற்காக வந்த சொல் அது. நம்மூரில் அதற்குச் சாவின் அர்த்தம் எப்படி ஏறியதோ!

அந்த ஊர்க்காரர் இன்னொருவர், ழான்-நிக்கோலா மர்ழொலேன். நம் டாக்டர்கள் ஆங்கிலத்தில் படித்ததால் 'மார்ஜோலின்ஸ் அல்சர்' என்பார்கள். 1828-ல் ஒரு மருத்துவ அகராதியில், பழைய தழும்புகளின் மேல் மருக்கள் போலக் கிளம்பும் புண்களைப் பற்றி அவர் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அது புற்று என்று அவர் சொல்லவில்லை. தழும்பில் வரும் புற்றுக்கு அவர் பெயரை ஒட்டியவர் அமெரிக்கரான ட கோஸ்டா, 1903-ல். கண்ட வரையில் எழுதிவைத்தவருக்குப் பெயர் நின்றுவிட்டது.

இதை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி எவ்வளவு தூரம்? அரை மணிக்கும் சற்று மேல், பஸ்ஸில். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பின்னால் பட்டாசு வந்தது. அந்தத் தொழிலின் விபத்துகளை நாம் செத்தவர்களின் எண்ணிக்கையாகத்தான் நினைவில் வைக்கிறோம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வெந்து பிழைத்தவர்களை யார் கணக்கில் வைத்தார்கள்? கையிலும் காலிலும் தோல் சுருங்கி இழுத்துக்கொண்ட தழும்போடு எத்தனை பேர் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிறார்கள்! தீத்தழும்பு புற்றாக மாறச் சராசரியாக 30 ஆண்டுகள் ஆகலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதனால் இருபது வயதில் வெந்தவருக்கு ஐம்பதில் புண் வந்தால் அவருக்குப் பழைய விபத்து நினைவுக்கே வராது. செருப்புக் கடி, முள் குத்தியது என்றுதான் சொல்வார்.

எங்கள் அலுவலகத்தில் உதவியாளராக இருந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. சிறுவனாக இருந்தபோது மருந்து தீப்பற்றி முழங்காலுக்குப் பின்னால் வெந்த தழும்பு. ஐம்பது தாண்டியதும் அதில் ஒரு புண். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆயின்மென்ட் போட்டார். ஒரு டாக்டர், அவரும் புண்ணைத் தொட்டுப் பார்க்காமலே, ஆயின்மென்டின் பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொடுத்தார். பதினான்கு மாதம். ஓரம் தடித்து, காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்து, நாற்றம் வந்த பிறகுதான் மதுரைக்குப் போகலாம் என்றானது. அப்போதும் என்னிடம் வந்து, "சார், கத்தி பட்டா எல்லா எடத்துக்கும் பரவிரும்னு சொல்றாகளே" என்றார். பெனியேயின் கதையை அன்று அவருக்குச் சொன்னேன். கதையைக் கேட்டுப் போனாரா, மனைவியின் அழுகையைப் பார்த்துப் போனாரா தெரியாது. போனார்.

கத்தி பட்டால் பரவும் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். முற்றிய பிறகு வந்தவர்களுக்கே அறுவை நடந்தது, அவர்களில் பலர் பிழைக்கவில்லை, பழி கத்தியின் மேல் விழுந்தது. தோலில் ஒரு துணுக்கு எடுப்பதால் புற்று பரவுவதில்லை. புண்ணின் நடுவில் அழுகல்தான் இருக்கும். ஆகையால் ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும், சில சமயம் இரண்டு மூன்று இடங்களில். ஒரு முறை "ஒன்றுமில்லை" என்று வந்தும் புண் ஆறாவிட்டால் மறுபடி எடுப்பதில் தப்பே இல்லை.

வெயிலால் வரும் தோல் புற்று வெள்ளைக்காரர்களுக்கு அதிகம். நம் கறுப்புத் தோல் அதற்கு ஓரளவு குடை. ஆனால் குடைக்கு அடியிலும் நம் வழக்கங்கள் வேலை செய்யும். காஷ்மீரத்தில் குளிருக்குக் கங்க்ரி என்னும் கணப்புச் சட்டியை உடைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் புற்று வருவதை 1866-லேயே எல்ம்ஸ்லி என்ற மிஷன் மருத்துவர் எழுதினார். பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் கானோல்கர் 1945-ல் வேட்டிப் புற்று என்பதைப் பற்றி எழுதினார். இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி, தோல் கறுத்துத் தடித்து, புண்ணாகி, கடைசியில் புற்று. பெண்களுக்கு வருவதைப் புடவைப் புற்று என்கிறார்கள். பாவம், புடவை என்ன செய்யும்? குற்றவாளி பாவாடை நாடா. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நாடாவை அகலப் பட்டையாக மாற்றச் சொல்லுங்கள். தொழுநோயால் மரத்துப்போன காலில் ஆண்டுக்கணக்காக இருக்கும் குழிப்புண்ணும் இந்த வகையில் சேரும். வலி இல்லாததால் அங்கே ஆபத்து கூடுதல்.

சிகிச்சையின் கதையிலும் சேன்-லூயி வருகிறது. 1901-ல் பியேர் கியூரி கொடுத்த ரேடியத்தை அங்கே டான்லோ என்பவர் தோல் நோய்க்கு வைத்துப் பார்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அந்த முறைக்குக் 'கியூரி சிகிச்சை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மதராஸ் பெரியாஸ்பத்திரியில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் 1934-ல் திறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுக்கு 1923-ல் பறிகொடுத்தவர். அந்த வேதனையிலிருந்து 1954-ல் அடையாறு மருத்துவமனை வந்தது, 12 படுக்கைகளோடு. 1957-ல் அங்கே கோபால்ட் இயந்திரம் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு அடையாறு தூரம். தெற்கே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 1981-க்குப் பிறகு திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் போனார்கள். 1927-ல் போட்ட விருதுநகர்-தென்காசி ரயில் பாதை செங்கோட்டை வழியாகக் கேரளத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்திருந்ததே!

ஆனால் தழும்புப் புற்றுக்குக் கதிர் முதல் மருந்தல்ல. தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு, கதிருக்கு அது சரியாக மசிவதில்லை. சுற்றிலும் 2 செ.மீ.யோ அதற்கு மேலுமோ நல்ல தோலோடு சேர்த்து அகற்றி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவதுதான் வழி. எலும்பைத் தொட்டுவிட்டால் காலை எடுக்க வேண்டியும் வரலாம். தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தழும்புக்குள் இருக்கும்வரை நோய் மெதுவாக நகரும், தாண்டிவிட்டால் சாதாரணத் தோல் புற்றைவிட வேகம். உடலின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பும் ஊசிகள் 2018 முதல் முற்றிய செதிள் புற்றுக்கு வந்திருக்கின்றன. விலை நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு எட்டாதது.

எங்கள் உதவியாளருக்குக் கால் தப்பியது. தோல் ஒட்டிய இடம் பள்ளமாக இருக்கும், கொஞ்சம் தாங்கி நடப்பார். அவருக்குச் செலவைக் கொடுத்தது முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. இப்போது விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதல் துணுக்குச் சோதனைக்கு மதுரை வரை போக வேண்டியதில்லை.

குமாஸ்தா புத்தியில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயாப்ஸி ரிப்போர்ட்டை மட்டும் வாங்கி வராதீர்கள். மெழுகில் பதித்த அந்தச் சதைக் கட்டியையும் கண்ணாடிச் சில்லையும் கேட்டால் தருவார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கட்டியை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், சூட்டில் மெழுகு உருகிவிடும். உறையின் மேல் பெயர், தேதி, எண் மூன்றையும் எழுதி, காப்பீட்டு அட்டையின் நகலோடு ஒரே ஃபைலில் போட்டுவையுங்கள்.