கோலிக்குண்டுத் தீர்ப்பு

காம்பியாவில் வாக்குச்சீட்டு கிடையாது. வாக்காளர் கையில் ஒரு கோலிக்குண்டைத் தருவார்கள். வேட்பாளரின் வண்ணம் பூசிய டிரம்மில், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குள் அதைப் போட்டால் உள்ளே 'டிங்' என்று மணியடிக்கும். இன்னொரு 'டிங்' கேட்டால் கள்ள ஓட்டு! எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 1960களில் வந்த ஏற்பாடு இது.

2016 டிசம்பர் 1 அன்று அந்த மணி யாஹ்யா ஜாமேவுக்கு எதிராக அடித்தது. 1994இல் 29 வயது லெப்டினன்டாக ஆட்சியைப் பிடித்தவர் அவர். இறைவன் நாடினால் நூறு கோடி ஆண்டுகள்கூட ஆள்வேன் என்று பிபிசியிடம் சொன்னவர். வென்ற அடாமா பாரோவோ ஒரு காலத்தில் லண்டன் கடையொன்றில் காவலாளியாக இருந்தவர். மறுநாளே ஜாமே தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் பாரோவுக்கு போன் போட்டு வாழ்த்தினார். ஆப்பிரிக்காவே வியந்தது.

வியப்பு ஒரு வாரம்தான். டிசம்பர் 9 அன்று, "தேர்தல் செல்லாது" என்றார் ஜாமே. ஆணையம் எண்ணிக்கையைத் திருத்தியதைக் காரணம் காட்டினார். திருத்திய பிறகும் பாரோதான் முன்னணியில் இருந்தார். வழக்குப் போட்டார், அதை விசாரிக்கப் போதிய நீதிபதிகள் உச்ச நீதிமன்றத்தில் இல்லை.

இங்கேதான் எகோவாஸ் வருகிறது. 1975இல் வணிகத்துக்காகத் தொடங்கிய இந்த மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு, 1990இல் லைபீரியாவுக்குப் படையே அனுப்பியது. டிசம்பர் 13 அன்று நான்கு அதிபர்கள் காம்பியாவில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் கானாவின் ஜான் மஹாமா. அதே மாதம் தேர்தலில் தோற்று, தோல்வியை ஒப்புக்கொண்ட கையோடு வந்திருந்தார். ஜாமேவுக்குப் புத்தி சொல்ல இவரைவிடத் தகுந்த ஆள் யார்? ஆனாலும் பேச்சு பலிக்கவில்லை.

அடுத்து மிரட்டல். வரைபடத்தைப் பார்த்தால் அது ஏன் வெற்று மிரட்டல் அல்ல என்பது புரியும். ஒரு பக்கம் கடல். மற்ற மூன்று பக்கமும் செனகல். 2017 ஜனவரி 19 அன்று, செனகலின் டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பாரோ பதவியேற்றார். அன்றே ஐ.நா. பாதுகாப்பு அவை எகோவாஸின் முயற்சியை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. எச்சரிக்கையான தீர்மானம்: முதலில் அரசியல் வழி என்றது, படைபலம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அன்றே செனகல் படைகள் எல்லை தாண்டின. காம்பியாவின் படைத் தளபதியோ, இந்த முட்டாள்தனமான சண்டையில் தன் வீரர்களை இறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜாமேவின் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அதற்குள் ஏறத்தாழ 45,000 பேர் செனகலுக்கு ஓடிப்போயிருந்தார்கள். கடைசியில் கினி, மவுரித்தேனிய அதிபர்கள் வந்து பேச, ஜனவரி 21 இரவு ஜாமே விமானம் ஏறினார். போய்ச் சேர்ந்த இடம் ஈக்வடோரியல் கினி. அப்படியொரு புகலிடம் கிடைக்காமல் போயிருந்தால் அவர் இத்தனை சுலபமாக இறங்கியிருப்பாரா என்பது சந்தேகமே.

இதே மருந்தைத்தான் 2023 ஜூலையில் நைஜருக்கும் எடுத்தார்கள். அதிபர் பசூமைச் சிறைவைத்த தளபதிகளுக்கு ஒரு வாரக் கெடு விதித்தார்கள். எல்லைகள் மூடப்பட்டன; நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. ஆனால் இங்கே பதவியைப் பறித்ததே ராணுவம். விலகி நிற்க ஒரு தளபதி இல்லை. பக்கத்திலிருந்த மாலியும் புர்கினா ஃபாசோவும், நைஜர் மீது கைவைத்தால் அது எங்கள் மீதான போர் என்றன. அங்கேயும் ஆட்சி ராணுவத்தின் கையில்தானே! நைஜீரிய செனட்டே படையெடுப்பு வேண்டாம், வேறு வழி பாருங்கள் என்றது. எல்லையின் இரு பக்கமும் ஹௌசா உறவினர்கள் வாழும்போது வேறென்ன சொல்லும்?

கெடு முடிந்தது, படை நகரவில்லை. 2024 பிப்ரவரியில் தடைகளில் பெரும்பாலானவற்றை எகோவாஸே நீக்கியது. அதற்கு முந்தைய மாதமே வெளியேறப்போவதாக அறிவித்திருந்த மூன்று நாடுகளும், 2025 ஜனவரி 29 அன்று முறைப்படி விலகின. 15 நாடுகளின் கூட்டமைப்பு 12 ஆனது.