'டர்ன்பைக்': சொல்லும் பொருளும்

சுங்கச் சாலையை ஆங்கிலத்தில் 'டர்ன்பைக்' என்பர். 'டர்ன்' என்பது திரும்புதல். 'பைக்' என்பது ஈட்டி. சாலைக்கும் ஈட்டிக்கும் என்ன தொடர்பு?

15ஆம் நூற்றாண்டில், குதிரைப் படையைத் தடுக்க வழியின் குறுக்கே நிறுத்திய கூர்முனைத் தடையையே அச்சொல் குறித்தது. 1663இல் சாலையைச் செப்பனிடச் சுங்கம் வாங்க இங்கிலாந்தில் சட்டம் பிறந்தது. நாளடைவில் தடையின் பெயர் சுங்க வாயிலுக்கும், பின்னர் சாலைக்கும் ஆயிற்று.

வேல்ஸ் நாட்டிலோ, வயலுக்கு இடும் சுண்ணாம்பை ஏற்றிய வண்டிக்கும் சுங்கம் கேட்டனர். பொறாத உழவர்கள் 1839 முதல் 1843 வரை, பெண்ணுடை தரித்து, இரவில் வாயில்களைத் தகர்த்தனர். 1844இல் சட்டம் திருந்தியது. சுண்ணாம்புச் சுங்கம் பாதியாயிற்று.

அவ்வுழவர்க்குச் சாலை பகையன்று, தடையே பகை. தடையின் பெயரே சாலைக்கு நிலைத்தது பொருத்தமன்றோ!